கடல் பக்கத்துச் சுவர்

கத்தாரில் வருஷக்கணக்காகக் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இஞ்ஞாசி, தன்னைவிட வயதில் சின்னவரான பெரியநாயகி டீச்சரிடம் கட்டடப் படம் போடக் கற்றுக்கொண்டிருந்தான். டீச்சர் அவனை அண்ணே என்பார். அவன் டீச்சரை டீச்சர் என்பான். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் ஒன்றுமில்லை.

துறைமுகக் கரையில் காலியாகக் கிடந்த இடத்தில் ஊருக்கு ஒரு மன்றம் கட்டப்போகிறார்கள். கடலுக்குப் போய் வந்தவர்களும் மீன் விற்று வந்தவர்களும் உட்கார்ந்து கேரம் ஆட, பேச, சிரிக்க ஓர் இடம். படம் போடும் வேலையை டீச்சர் அவனிடமே விட்டிருந்தார்.

நாளைக்கு ஊர்க்கூட்டம். ஊருக்கு அவன் படம் பிடித்துப்போனால், அவன் வரைந்து எழும்பும் முதல் கட்டடம் அது. பிடிக்காவிட்டால் மறுபடியும் விமானம் ஏற வேண்டியதுதான். அவன் மகள் இப்போதுதான் கூச்சம் விட்டு அவனை அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

“சரியா இருக்கா, டீச்சர்?”

டீச்சர் படத்தைப் பார்த்தார். கடல் பக்கம் முழுக்க ஒரே சுவர், ஆள் உயரத்துக்கும் மேலே.

“இது எதுக்குண்ணே?”

“காத்துக்கு. கொண்டல் காத்து அடிச்சா கேரம் பலகையில ஒரு பொட்டு பவுடர் நிக்காது. நானும் இந்த ஊர்க்காரன்தானே, யோசிக்காம வைப்பேனா?”

“நல்ல யோசனைதான். ஒரு கேரம் பலகை கொண்டாங்க. ஒரு தார்ப்பாயும்.”

“படம் சரியான்னு கேட்டா பலகை கேக்குறீங்களே!”

“கொண்டாங்கண்ணே.”

சாயங்காலம், சுவர் வரப்போகிற இடத்தில் இரண்டு கம்பு நட்டு, கயிறு கட்டி, தார்ப்பாயை மேலே ஏற்றினான். காற்று அதில் மோதிப் படபடத்தது. பலகையில் பவுடர் தூவினான். அது அசையவில்லை. இஞ்ஞாசிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த அமலியையும், வலை பின்னிக்கொண்டிருந்த சவரிமுத்துவையும் டீச்சர் ஆட உட்காரவைத்தார்.

“தோத்தா அழக்கூடாது, மாமா,” என்றாள் அமலி.

“காய அடி. வாயாடாத.”

நாலு காய் விழுவதற்குள் அமலி எழுந்து, தார்ப்பாயைச் சுற்றிப் போய்விட்டு வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

“வெத்தலை துப்பப் போறாளா?” என்று கேட்டான் இஞ்ஞாசி.

டீச்சரின் கண் அமலி மேலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அமலி சிவப்பைக் குழியில் தள்ளினாள். அடுத்து ஒரு காய் போட்டால்தான் சிவப்பு அவளுக்கு. கேரம் தெரிந்த சின்னப் பிள்ளைகூட அந்த நேரத்தில் மூச்சு விடாது. அமலி ஸ்ட்ரைக்கரை வைத்தாள். குறி பார்த்தாள். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

“அடி இவளே! சிவப்பப் போட்டுட்டு எவளாவது எந்திரிப்பாளா?” என்று சவரிமுத்து கத்தினார். கத்திவிட்டு, அவரும் எழுந்து அவள் பின்னாலேயே போனார்.

இஞ்ஞாசியும் போனான். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே, போட்டுகள் உள்ளே நுழையும் துறைமுக வாய். தண்ணீர்தான் தெரிந்தது.

“யாரு வரணும்?”

“எங்க வீட்டுக்காரரு. கடல்லயே தங்கி மீன் புடிக்கப் போன போட்டு, இன்னைக்கு வரணும்,” என்றாள் அமலி. “வரும், வரும். வாங்க மாமா, எனக்கு இன்னும் ஒரு காய் பாக்கி.”

சொன்னாளே தவிர நகரவில்லை.

இஞ்ஞாசி திரும்பிப் பார்த்தான். பலகையில் பவுடர் கலையாமல் இருந்தது. ஆடத்தான் ஆள் இல்லை.

“சுவர எடுத்துட்டா காத்து ஆட விடாதே, டீச்சர்.”

“சுவர் இருந்தப்போ ஆடினாங்களா?”

அவன் படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கயிற்று முடிச்சை அவிழ்த்தான். அமலியும் சவரிமுத்துவும் ஒருவழியாகப் பலகைக்கு வந்து உட்கார்ந்தார்கள். தார்ப்பாய் ஒரு சாண் இறங்கியது. அமலியின் கழுத்து இன்னும் கடல் பக்கம் எக்கியபடியே இருந்தது.

“எதுவரைக்கும் இறக்கணும், டீச்சர்?”

“அமலி எந்திரிக்காம ஆடுற வரைக்கும்.”