கழுவிய முட்டை

தேக்கங்காட்டில் செங்கோடன் என்றொரு செந்நாய் இருந்தது. காட்டின் காவல் அதன் பொறுப்பு. மோப்பத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பெருமை அது வாலை ஆட்டும் விதத்திலேயே தெரியும்.

ஒருநாள் மதியம் நீலாம்பாள் என்ற பெண்மயில் அலறிக்கொண்டு ஓடி வந்தது.

"அண்ணே! இரை பொறுக்கத்தான் போனேன். புதருக்குள்ள இருந்த முட்டைய ஒண்ணு விடாம தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"அழாத தாயி! இதோ வர்றோம்!"

செங்கோடன் தன் கூட்டத்தோடு பாய்ந்தது. எல்லாச் செந்நாய்களும் புதரைச் சுற்றிச் சுற்றி ஓடி மோந்தன. அதுதான் அவற்றின் வழக்கம். நரி வாடை அடித்தது. ஆற்றங்கரையில் நீர்நாய் வாடையும் சேர்ந்துகொண்டது. செங்கோடன் அதோடு நின்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூங்கில்காடு. வேறு காவல், வேறு நீதிபதி. அழைப்பில்லாமல் கால் வைக்கக் கூடாது.

திருட்டுக் கும்பலுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. இக்கரை நரி திருடும், நீர்நாய் கட்டைமேல் வைத்து நனையாமல் கடத்தும், அக்கரை மரநாய் பதுக்கும். இனம் வேறு, காடு வேறு. ஆனாலும் என்ன ஒற்றுமை!

செங்கோடன் கரையில் நின்று கத்தியது. அக்கரையில் காவல் பார்ப்பது பொறையன் என்ற உடும்பு. காலடித் தடம் பார்ப்பதில் கில்லாடி. தடத்தை வைத்தே நீர்நாயை முட்டைகளோடு மடக்கிவிட்டது. மடக்கிய கையோடு என்ன செய்தது தெரியுமா? முட்டைகளை ஆற்றில் பளபளவென்று கழுவியது! மன்றத்துக்கு எதையும் சுத்தமாகக் கொண்டுபோக வேண்டும் என்பது மூங்கில்காட்டு மரபு.

செங்கோடனை அங்கே வரவழைத்தார்கள்.

"இது உங்க மயிலோட முட்டைதானா?" என்று நீதிபதி கரடியார் கேட்டார்.

செங்கோடன் மோந்தது. மறுபடி மோந்தது.

"ஐயா... ஆத்துத் தண்ணி வாடைதான் வருது."

"புதர்கிட்ட திருடன் தடமாவது இருக்கா?" என்று பொறையன் கேட்டது.

"அங்க எங்க காலடிதான் இருக்கு" என்று செங்கோடன் முணுமுணுத்தது.

"ஆத்துல மிதந்து வந்துச்சு, எடுத்தேன்! அது ஒரு குத்தமா?" என்று நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டது.

கரடியாருக்கு வேறு வழியில்லை, விட்டுவிட்டார். அதற்குள் முட்டைகள் சில்லிட்டுப் போயிருந்தன. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

நீலாம்பாள் யாரையும் திட்டவில்லை. வெறும் புதரில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த செங்கோடனுக்கு இரை இறங்கவில்லை. நேரே ஆற்றங்கரைக்குப் போனது.

"பொறையண்ணே! ஏன் கழுவுனீங்க?"

"நீ ஏம்பா மிதிச்ச?"

இரண்டும் முறைத்துக்கொண்டன. பிறகு பொறையன்தான் இறங்கி வந்தது. "வாடைய வச்சு ஆளைச் சொல்லலாம்னு எங்க காட்டுல யாருக்கும் தெரியாதுப்பா. நீ சொல்லிக்குடு. தடம் பாக்க நான் சொல்லித்தர்றேன்."

ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே பயிற்சி தொடங்கியது. இருகரைக் காவலர்களும் வந்தார்கள். நீதிபதிகளையும் கூப்பிட்டார்கள்.

"தீர்ப்புச் சொல்றவனுக்கு என்னய்யா பயிற்சி?" என்று கரடியார் உறுமினார்.

"தெரியாததைக் கத்துக்க வெக்கம் எதுக்கு? வாங்க!" என்றார் தேக்கங்காட்டு நீதிபதி யானையம்மாள்.

ஆளுக்கொரு கூழாங்கல்லைத் தொட்டுக் கலந்து போட்டார்கள். செங்கோடன் மோந்து பார்த்து உரியவரிடம் சேர்த்தது. கரடியாருக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கல்லை யானையம்மாள் காலில் தேய்த்துவிட்டுப் போட்டார்.

"இதுல ரெண்டு பேரு வாடை இருக்குங்கய்யா!"

கரடியார் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்புறேன்யா!"

செங்கோடனுக்குத்தான் பாடம் கசந்தது. வாடை அடித்தும் ஓடாமல் நிற்பது செந்நாய்க்கு லேசான காரியமா? திரும்பத் திரும்பத் தடத்தை மிதித்தது. திரும்பத் திரும்பப் பொறையனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. கோபம் வரும்போதெல்லாம் அந்த வெறும் புதரை நினைத்துக்கொண்டது. கடைசியில் கற்றும்கொண்டது. துரத்தி வருபவர் குரல் கொடுத்துவிட்டு ஆற்றைத் தாண்டலாம் என்றும் இருகாட்டாரும் முடிவு செய்தார்கள்.

நீலாம்பாள் மறுபடி முட்டையிட்டது. கும்பலும் மறுபடி கைவரிசையைக் காட்டியது.

"நில்லுங்கடா!" என்று செங்கோடன் தன் கூட்டத்தை அதட்டியது. ஓரமாகப் போய்ப் பார்த்தது. ஈரமண்ணில் நரியின் தடம் அச்சு அசலாக இருந்தது. அதற்குக் காவல் போட்டு, நரியைப் பிடிக்கவும் ஆள் அனுப்பியது. பிறகு சீழ்க்கை அடித்துக்கொண்டே ஆற்றில் குதித்தது.

அக்கரையில் பொறையன் தயாராக நின்றது. இரண்டும் சேர்ந்து, மூக்கும் கண்ணுமாக, மரநாயின் பொந்தைக் கண்டுபிடித்தன. மரநாயும் நீர்நாயும் கையும் களவுமாகச் சிக்கின. உள்ளே முட்டைகள் கதகதப்பாக இருந்தன.

பழக்கதோஷத்தில் ஓர் உடும்பு அவற்றைத் தண்ணீர்ப் பக்கம் தூக்கியது.

"கழுவாதே!" என்று பொறையன் கத்திய கத்தலில் மூங்கில்காடே அதிர்ந்தது.

ஆனால் மன்றம் வெகுதொலைவு. போய்ச் சேர்வதற்குள் முட்டை ஆறிவிடும். விஷயம் கேட்ட கரடியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். மரத்தடியிலேயே விசாரணை.

"அடியில மயில் வாடை. மேல நரி, நீர்நாய், மரநாய். திருடினது, கடத்தினது, பதுக்கினது மூணும் இருக்குங்கய்யா!" என்றது செங்கோடன்.

"கேட்டாச்சு, பார்த்தாச்சு. முட்டைய முதல்ல தாய்கிட்ட சேருங்க!"

நீர்நாய்க்கும் மரநாய்க்கும் அங்கே தண்டனை கிடைத்தது. நரி தன் தடத்தாலேயே யானையம்மாளிடம் மாட்டியது.

குஞ்சுகள் பொரித்தன. செங்கோடன் பார்க்கப் போயிருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே" என்றது நீலாம்பாள். பிறகு மெல்லக் கேட்டது. "போன தடவையே இப்படிச் சேர்ந்து வந்திருக்கக் கூடாதா?"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு, அன்றைய பயிற்சிக்கு மணல்திட்டை நோக்கி நடந்தது.

குற்றவாளிகள் எல்லை தாண்டிக் கைகோக்கும்போது, காவலும் நீதியும் ஒருவர் வேலையை ஒருவர் கற்றுக்கொண்டு ஒன்றாக நின்றால்தான் எளியவர்களுக்குப் பாதுகாப்பு.