ஆட்டுக்குச் சாக்கு, பாறைக்கு ஆளு

அது சாக்குங்க. ஆட்டுக்குக் காலு நோவெல்லாம் ஒண்ணுமில்ல. நடக்கறப்ப கொளம்பு அதிர்வு பாறைக்குப் போகக்கூடாதுன்னு நாலு காலுக்கும் கட்டி விட்டிருக்கறோம். ஊருல நாப்பத்தாறு ஆடு, நூத்தி எம்பத்திநாலு சாக்கு. பஸ் வர இன்னும் நேரமிருக்குது, உக்காருங்க, சொல்றேன்.

அந்தப் பாறை மேல வெள்ளையடிச்ச சின்ன ரூம் ஒண்ணு தெரியுதுங்களா? அதுக்குள்ள நிலநடுக்கத்தை எழுதற மிஷின் இருக்குது. உருளையில காகிதம் சுத்தும், ஊசி அதுமேல கோடு போடும். பூமி எங்க ஆடுனாலும் ஊசியும் ஆடும். அந்த மிஷினைக் கொண்டுவரத்தான் ரோடு போட்டாங்க. ரோடு வந்ததும் பஸ் வந்துச்சு. அதுக்கு முன்ன எங்க கரட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸே கெடையாதுங்க.

மிஷினை வெக்க வந்த ஆராய்ச்சி மேடம், ஊரைக் கூட்டி வெவரம் சொன்னாங்க. "பூமி உள்ளுக்குள்ள வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கு. ஆழத்துல இரும்பே உருகிக் கிடக்கு. தூர தேசத்துல பூமி ஆடுனா, அந்த அதிர்வு அடுக்கெல்லாம் தாண்டி இங்க வரும். அது வர்ற விதத்தை வச்சுத்தான் உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறோம்."

எங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது. அடுத்த நாளே, கெணறு வெட்டிக்கிட்டிருந்த நாச்சிமுத்து கடப்பாரையைக் கீழ போட்டுட்டான்.

"ஏண்டா நிறுத்திட்ட?"ன்னு கேட்டாரு சடையப்பண்ணன். ஊருல அவரு வெச்சதுதான் சட்டம்.

"வெங்காயம்னாங்கல்லண்ணா. இன்னொரு அடுக்கு உரிச்சா கண்ணு எரியுமே?"

சடையப்பண்ணன் தோளுத் துண்டை எடுத்து நீட்டுனாரு. "கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டு"ன்னாரு.

மறுநாள் காலையில ஊட்டுலயே கண்ணைக் கட்டிக்கிட்டுக் கெளம்புனான். பதினாலு அடி வெட்டிட்டு அவுத்துப் பார்த்தா, அது மாராக்கா தோட்டம். கண்ணு எரியலீங்க, அதையும் சொல்லோணும்.

போறப்ப மேடம் ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க. "ரூமைச் சுத்தி அசைவே இருக்கக்கூடாது. ஊரு அதிர்வெல்லாம் காகிதத்துல விழுந்தா இந்த இடம் எனக்கு ஆகாது. ஒரு மாசம் பார்ப்பேன். சரியில்லன்னா மிஷினை வேற மலைக்குக் கொண்டுபோயிருவேன்."

மிஷின் போச்சுன்னா ரோட்டை யாரு பார்ப்பாங்க? ரோடு கெட்டா பஸ் எங்க வரும்? சடையப்பண்ணன் மக செண்பகத்துக்கு எட்டாம் மாசம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். மனுசனுக்கு அன்னைக்குச் சோறு எறங்கலீங்க.

ஆட்டுக்குச் சாக்கு கட்டுனோம். மாரியம்மன் நோம்பிக்கு மோளத்துக்குப் பதிலா தலகாணியை அடிச்சோம். பஸ் எஞ்சின் அதிருதுன்னு, ஊரு எல்லையிலயே ஆஃப் பண்ணச் சொல்லி, நாப்பது பேரு தள்ளிக்கிட்டு வந்தோம். ஒருத்தனாட்டத் தள்ளோணும்னு எல்லாரும் ஒண்ணா காலை ஓங்கி மிதிச்சோம். காகிதத்துல தேதி எழுதற வேல என்னுது. பார்த்தா, தினமும் பஸ் வர்ற நாலு பத்துக்கு ஒரு பூகம்பம் விழுந்திருக்குது.

"எஞ்சின் ஆஃப் பண்ணியே இப்புடி ஆடுதுன்னா, ஓட்டிக்கிட்டு வந்திருந்தா ஊரே மிஞ்சியிருக்காதே!"ன்னான் நாச்சிமுத்து.

தப்பிச்சோம்டா சாமின்னு எல்லாரும் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டோம்.

அப்புறமேலு ஒரு செவ்வாக்கெழமை மத்தியானம். பஸ் இல்ல, ஆடு இல்ல, ஒரு ஈ காக்கா அசையல. ஊசி மட்டும் சாமி வந்தாப்ல ஆடுது. நான் போட்ட சத்தத்துல சடையப்பண்ணன் ஓடியாந்து, ரெண்டு வெரலால ஊசியைப் புடிச்சுக்கிட்டாரு.

"நில்லு தாயி. எம்புள்ள ஆஸ்பத்திரிக்குப் போகோணும்"னாரு.

ஒண்ணேகால் மணி நேரம் விடலீங்க. மோரைக் கூட நாந்தான் வாயில ஊத்துனேன். கோடு நூலு புடிச்சாப்ல வந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு மேடம் வந்து காகிதத்தைப் பார்த்தாங்க. திருப்பிப் பார்த்தாங்க. "கடலுக்கு அந்தப்பக்கம் அவ்வளவு பெரிய பூகம்பம். உலகத்துல இருக்கிற மிஷினெல்லாம் எழுதியிருக்கு. இங்க மட்டும் எப்படி நேர்கோடு?"

சடையப்பண்ணன் நெஞ்சை நிமித்துனாரு. "நம்மூருக்குள்ள விடலீங்க, மேடம்."

மேடம் அப்படியே பாறை மேல உக்காந்துட்டாங்க. தண்ணி குடுத்தோம், குடிக்கல. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. "ஊரு அசையக்கூடாது. பூமி அசைஞ்சா, ஊசி ஆடியே ஆகணும். இனிமே யாராவது மிஷின் மேல கை வச்சா, அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருவேன். இன்னும் ஒரே ஒரு மாசம்."

அவங்க ஜீப்பு மறைஞ்சதும் கூட்டம் போட்டோம்.

"மிஷின் மேல கை வெக்கக்கூடாதுன்னாங்க"ன்னாரு சடையப்பண்ணன்.

"ஆமாண்ணா"ன்னான் நாச்சிமுத்து.

"பாறை மேல வெக்கக்கூடாதுன்னாங்களா?"

"அதைப் பத்திப் பேச்சே எடுக்கலியே!"

அவ்வளவுதாங்க. இப்ப பஸ் எஞ்சினோடவே வருது. அது வர்ற நேரத்துக்கு ஊரு ஜனம் அறுபது பேரும் பாறையைச் சுத்தி நின்னு, ஆடாம அணைச்சுப் புடிச்சுக்கறோம். செண்பகமும் ஒரு ஓரமாப் புடிச்சுக்கறா. எட்டு நாளா பாறை அசையல. ஒரே ஒரு கொறை, எல்லாரும் புடிச்சுக்கிட்டிருக்கறதால பஸ்ஸுல ஏறத்தான் ஆளில்ல. வெறும் வண்டியாத் திரும்பிப் போகுது.

"மாமோவ்!"

நாச்சிமுத்துதாங்க கத்தறான். என்னடா?

"பஸ் ஏரி மேட்டுல திரும்பிருச்சு! செண்பகத்துக்கு வலி எடுத்துருச்சு, இதுலயே ஏத்தி விடோணும்! பாறையில அவ எடம் காலி, ஓடியா!"

வர்றேன்டா!

"நீ ஒருத்தன் பத்தாது மாமா! அவளை நாங்க ரெண்டு ஆளாத்தான் கணக்கு வெச்சிருந்தோம்!"

அதுவும் நெசந்தானுங்க. நான் போறேன். ஏனுங்க, நீங்களும் வாங்களேன்? இந்த பஸ் போனா நாளைக்கும் வரும். ரொம்ப இறுக்கியெல்லாம் புடிக்க வேண்டாம். வயித்துல இருந்த கொழந்தை எவ்வளவு புடிச்சுதோ, அவ்வளவு புடிச்சாப் போதும்.