ஓலையில் இல்லாத கைதி

ஆறெல்லாம் நேராய் ஓடிய முன்னொரு காலத்தில், வேங்கைநகரை ஆண்ட சூடாமணி ராசாவுக்குப் புத்தி மட்டும் கோணலாய் ஓடியது. மோர்க்குழம்பு புளித்துப்போன அன்றைக்கு, ஊரிலுள்ள பசுக்களெல்லாம் அரண்மனை வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தண்டோரா போட்டவர் அவர்.

ராசாவுக்கு ஏற்ற கொத்தவால் வீரகேசரி. ஊர்க்காவலுக்கும் சிறைக்கும் அவரே தலைவர். பொடி போட்டுப் போட்டுக் குரல் மூக்கு வழியாகத்தான் வரும். பேச்சு முடிவில் ஒரு "தெரிஞ்சுதா", அதன் வாலில் ஒரு தும்மல். சந்தையில் பகல்வேஷம் கட்டிப் பிழைக்கும் சிங்காரம் ஒருநாள் அந்தக் குரலை அப்படியே எடுத்து, "இந்த வெண்டைக்காய் வளைஞ்சு நிக்குது, பிடிச்சு உள்ளே போடு, தெரிஞ்சுதா... ஹச்சு" என்றான். சந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கொத்தவாலின் ஆட்கள் சிங்காரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் பெண்டாட்டி பூவாயி காவல் சாவடிக்கு ஓடினாள். அந்த ஊர் வழக்கப்படி, யாரைப் பிடித்தாலும் குற்றம் இன்னது, பிடித்தவர் இன்னார் என்று பிடியோலை எழுதவேண்டும். சிறையில் தள்ளினால் அடைப்போலை. உறவுக்காரர் கேட்டால் இரண்டையும் காட்டவேண்டும். ஓலை கையில் இருந்தால்தான் ராசாவிடம் வழக்குப் பேசி ஆளை மீட்கலாம்.

சாவடிக் கணக்கர் கொட்டாவி விட்டார். "அடைப்போலையைக் கொண்டா தாயி. அதைப் பார்த்துத்தான் பிடியோலையைத் தேடணும்."

சிறைவாசல் காவலன் உடும்பன் தலையைச் சொறிந்தான். "பிடியோலையைக் கொண்டா தாயி. அதைப் பார்த்துத்தான் அடைப்போலையைத் தேடணும்."

தறியில் ஓடும் நாடா மாதிரி அங்கும் இங்கும் ஓடி அலுத்தாள் பூவாயி. உடும்பனுக்கே பாவமாகிவிட்டது. ஆனால் ஓலை இல்லாமல் ஒருதரம் கதவைத் திறந்ததற்குக் கொத்தவால் கொடுத்த சவுக்கடி அவன் முதுகில் இன்னும் தடித்துக் கிடந்தது. "ஓலையே எழுதலை தாயி. எழுதினா என்ன குற்றம்னு எழுதணுமே" என்று காதோடு மட்டும் சொன்னான்.

பூவாயி நேரே அரசவைக்குப் போனாள். "மகாராசா, என் புருஷனைக் கொத்தவால் ஐயா உள்ளே போட்டிருக்கார். ஓலையைக் காட்டுங்கன்னா காட்டமாட்டேங்கிறார்."

கொத்தவால் மீசையை நீவினார். "அரசே, அப்படியொரு ஓலையே கிடையாது. ஓலை இல்லையென்றால் ஆளும் உள்ளே இல்லை, தெரிஞ்சுதா... ஹச்சு."

ராசாவிடமே "தெரிஞ்சுதா" என்றதும் அவையிலிருந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தூணைப் பார்த்தார்கள்.

"இது எல்லாருக்கும் உள்ள சட்டமா ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு மட்டுமா?" என்றாள் பூவாயி, பால் குடிக்காத பூனை போல.

"எல்லாருக்கும்தான். ஓலையில் பெயர் இல்லாதவன் உள்ளே இல்லை. உள்ளே இல்லாதவனை வெளியே விடவும் முடியாது."

ராசா தொடையைத் தட்டினார். "கேட்கவே அதிரசம் மாதிரி வட்டமாயிருக்கிறதே. இப்போதே தண்டோரா போடுங்கள். யாருக்கும் விலக்கில்லை. மீறிக் கதவைத் திறப்பவன் தலை உருளும்."

"நல்ல சட்டம்தான் மகாராசா. நீங்க ஒருதரம் நேரில வந்து சிறையைப் பார்த்துட்டா, நான் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"வருகிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்."

கொத்தவாலின் மீசை தொங்கிவிட்டது. ராசா வருவதற்குள் சிங்காரத்தின் வாயில் துணியை அடைத்துத் தானியக் குதிருக்குள் திணித்தாக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிறைக்கு ஓடினார். இதற்குத்தானே காத்திருந்தாள் பூவாயி. ஓடு சாமி, ஓடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கொத்தவால் உள்ளே பாய்ந்தார். உடும்பன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"அண்ணே, தண்டோரா காதில விழுந்துச்சா?"

"விழுந்துச்சு தாயி."

"உள்ளே போனவருக்கு அடைப்போலை இருக்கா?"

உடும்பனுக்கு முதுகுத் தழும்பு அரித்தது. "இல்லையே."

"அப்ப அவர் உள்ளே இல்லை. இல்லாத ஆளுக்காகக் கதவைத் திறந்து வெச்சு நிக்கலாமா? தலை உருளுமாமே."

தாழ்ப்பாள் 'டணக்'கென்று விழுந்தது.

ஏப்பம் விட்டபடி ராசா வந்து சேர்ந்தார். உள்ளிருந்து குரல்: "அரசே, நான் கொத்தவால். கதவைத் திறக்கச் சொல்லுங்கள், தெரிஞ்சுதா... ஹச்சு."

உடும்பன் குனிந்து கும்பிட்டான். "அவர் பேரில் ஓலை இல்லை மகாராசா. அதனால உள்ளே இல்லை."

"வேற யாராச்சும் அவர் குரல்ல பேசலாம் இல்லையா?" என்று உரக்கக் கேட்டாள் பூவாயி.

பெண்டாட்டி குரல் காதில் விழுந்தால் சிங்காரம் சும்மா இருப்பானா? இருட்டிலிருந்து இன்னொரு கொத்தவால் கிளம்பினார். "நம்பாதீர்கள் அரசே. நான்தான் கொத்தவால். இவன் எவனோ போக்கிரி, தெரிஞ்சுதா... ஹச்சு."

"டேய், நான்தாண்டா அசல். ஹச்சு."

"அசலுக்குத் தும்மல் இவ்வளவு மட்டமாகவா வரும்? ஹஹ்ஹச்சு."

ராசா காதைப் பொத்திக்கொண்டார். "ஒரு கொத்தவாலையே தாங்க முடியவில்லை, இதில் இரண்டா? இருவருக்கும் ஓலை இல்லை, அதனால் இருவரும் இல்லை. நான் தூங்கப் போகிறேன்."

அவர் கிளம்பிவிடுவார் என்றதும் கொத்தவாலுக்கு உயிர் போய் வந்தது. "போகாதீர்கள் அரசே. அவன் பகல்வேஷக்காரன் சிங்காரம். சந்தையில் என்னைப்போல் பேசினான் என்று நானேதான் பிடித்து அடைத்தேன்."

"யாரை? உள்ளே இல்லாதவனையா?" என்றார் ராசா.

பிறகு உடும்பனைப் பார்த்து, "கதவைத் திற" என்றார்.

ஓலை இல்லாமல் திறக்கமாட்டேன் என்று உடும்பன் தலையைப் பிடித்துக்கொண்டதால், ஓலையும் எழுத்தாணியும் சாளரம் வழியே உள்ளே போயின. கொத்தவால் எழுதித் தந்ததை ராசா வாய்விட்டுப் படித்தார். "பெயர், சிங்காரம். குற்றம், கொத்தவாலைப்போல் பேசியது. பிடித்தவர், வீரகேசரி." நிமிர்ந்து பார்த்தார். "பிறந்த நாள் முதல் நீயும் இந்தக் குற்றத்தைத்தானே ஐயா செய்கிறாய்?"

சிங்காரம் வெளியே வந்தான். அதே குற்றத்துக்கு இன்னொரு ஓலை எழுதி, வீரகேசரியை உள்ளேயே வைத்தார்கள். சாவடி ஓலைகளுக்கெல்லாம் பூவாயியை அதிகாரியாக்கினார் ராசா. அன்று முதல் யார் வந்து கேட்டாலும் உடனே ஓலையைக் காட்டவேண்டும் என்பது உத்தரவு.

மறுநாள் முதல் ஆளாக வந்து, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றவள் கொத்தவாலின் பெண்டாட்டி. பூவாயி மறுபேச்சுப் பேசாமல் ஓலையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.