மூன்றாம் மாடியில் செல்லாத டோக்கன்

"எந்தப் புண்ணியவானோ என் வேலையில கையை வச்சுட்டான், அம்மணி! அவன் மட்டும் கையில சிக்கட்டும்!"

நாச்சிமுத்து மடிக்கணினியைத் தாரணியின் மேசைமேல் தொப்பென்று வைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. உக்கடத்தில் பழைய மோட்டார் சாமான் விற்று, ஏமாந்து ஏமாந்தே கெட்டிக்காரர் ஆனவர். ஜாவா என்ற நிரல்மொழியையும் அப்படித்தான், அடிபட்டுக் கற்றார். தாரணிக்கு இருபத்தாறு. அந்த அலுவலகத்தில் அவர் குருவென்று ஏற்றுக்கொண்டது அவளை மட்டும்தான்.

"என்னங்கண்ணா ஆச்சு?"

"மாட்டுப்பண்ணை மென்பொருள்ல, மாட்டோட எடையைச் சொல்ற சேவை ஒரு துண்டு. அதைக் கேட்டுத் தீவனம் அளக்கறது என் துண்டு. கேட்டா, பொருந்தலைங்குது. சேவைப் பட்டியல்ல அதோட பேரு பளிச்சுனு இருக்குது, அம்மணி! எழுத்துக்கு எழுத்து அதே பேரு!"

"அந்தச் சேவை ஓடுதுங்களா?"

"குதிரையாட்டம் ஓடுது. எனக்கு மட்டும்தான் தரமாட்டேங்குது."

நாலு மணிக்குள் சரியாகாவிட்டால் அவர் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மீதியை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு மாத உழைப்பு. இப்போது மணி மூன்று.

தாரணி பையிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து நீட்டினாள். 'டீ 1' என்றிருந்தது.

"மூணாவது மாடியில ஒரு டீ வாங்கிட்டு வாங்கண்ணா."

"இங்க பத்திக்கிட்டு எரியுது, நீ டீ கேக்கறியா?"

அவள் டோக்கனை அவர் கையில் திணித்தாள்.

படியிறங்கிப் போனார்.

டீக்கடைக்காரர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லாதுங்க."

"டீன்னு போட்டிருக்குதல்ல?"

"போட்டிருக்குதுங்க."

"உங்கிட்ட டீ இருக்குதல்ல?"

"கொதிச்சுக்கிட்டு இருக்குதுங்க. ஆனா இது கீழ்க்கடையில அடிச்ச டோக்கன். நான் அடிச்சதைத்தானுங்களே நான் வாங்க முடியும்?"

நாச்சிமுத்து அரை டீக்கு இறங்கி வந்தார். பிறகு கால் டீக்கு. கடைசியில், "வெறும் டம்ளராவது குடுய்யா" என்றார்.

கடைக்காரர் சிரித்தாரே தவிர அசையவில்லை.

பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லாத மனிதர். கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் வாய்க்குள் விசாரித்துக்கொண்டே படியேறினார்.

பாதிப் படியில் நின்றார்.

டோக்கனைப் பார்த்தார். அதே பேர். அடித்த இடம்தான் வேறு.

மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

"டீ எங்கங்கண்ணா?"

"டீ கிடக்கட்டும். என் துண்டு ஒரு பேரை நீட்டுதே, அது எங்க அடிச்சது?"

"உங்க துண்டைக் கட்டி வச்சிருக்கற பொட்டலத்தைத் திரையில பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார்.

சேவையை எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதிய இன்டர்ஃபேஸ் கோப்பு. சேவைக்காரர்களிடமிருந்து கேட்டு வாங்க வேண்டியது. அதன் நகல் ஒன்று அவர் பொட்டலத்துக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இதை எவன் இங்க கொண்டாந்து வச்சான்?"

தாரணி மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். தேதிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு:

'அடுத்தவனை நம்ப முடியாது. கைவசம் ஒண்ணு இருக்கட்டும்.'

அப்படி எழுதக்கூடிய ஆள் கோயம்புத்தூரிலேயே ஒருவர்தான். பெயரை அவர் படிக்கக்கூட இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார். நாலு மேசை தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி உறுமினார்:

"யோவ் புண்ணியவானே! வச்சவன் நீதானே? ஒரு சாக்கும் சொல்லாதே. உன் நகலைத் தூக்கி வெளிய போடு. அவங்க அடிச்சதையே கேட்டு வாங்கு. மணி மூணே கால் ஆச்சு, நாலுக்குள்ள சரி பண்ணிக் குடுய்யா!"