பானை உடைந்த மறுநாள்

சபாக்கி ஆற்றின் வடகரையில் கிரியாமா மக்களுக்கு ஒரு காடு இருந்தது. காட்டின் நடுவில் ஒரு வெட்டவெளி. அங்கே ஒரு பானை புதைந்திருந்தது. அதை யார் புதைத்தார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மண்மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு மீறினால் காடு சும்மா விடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

காட்டுக்குக் காவலாக இருந்தவள் ஜும்வா. அவளுடைய சீடன் கித்சாவோ அவளைவிட மூத்தவன். தென்னையில் கள் இறக்கியவன், மனைவி செத்த பிறகு தொழிலை விட்டுவிட்டு நரைத்த தலையோடு அவளிடம் வந்து சேர்ந்திருந்தான்.

அந்த வருடம் வெள்ளைக்காரர்களுக்குள் பெரிய யுத்தம் மூண்டது. துரை ஒருவன் சிப்பாய்களோடு வந்து கூடாரம் அடித்தான். திடகாத்திரமான ஆண்கள் யுத்தத்துக்குச் சுமை தூக்க வரவேண்டும், மற்றவர்கள் வடகரையைக் காலி செய்துவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்றான். ஊர் கூடிப் பானை புதைந்த மண்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தது. சுமை தூக்க மாட்டோம். ஆற்றைத் தாண்ட மாட்டோம்.

விஷயம் துரையின் காதுக்கு எட்டியது. பானை இருக்கும் இடத்தைக் காட்டாவிட்டால் ஊரில் ஒரு குடிசை மிஞ்சாது என்று சொல்லியனுப்பினான்.

"என்ன செய்வது தாயே?" என்று கேட்டான் கித்சாவோ.

"காட்டிவிடலாம்."

அவள் எழுந்து நேராகக் கூடாரத்துக்கே போனாள்.

உச்சிவெயில் நேரம். ஜும்வா முன்னால் நடக்க, துரையும் அவன் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியும் சிப்பாய்களும் தொடர்ந்தார்கள். கடைசியாகக் கித்சாவோ. காட்டுக்குள் நுழைந்ததும் அவனுக்கு என்னவோபோல் இருந்தது. இத்தனை பூட்ஸ் கால்கள் சருகை மிதிக்கின்றன. சத்தமே வரவில்லை.

வெட்டவெளியில் ஜும்வா வளைந்து வளைந்து நடந்தாள். வழியெங்கும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் ஒதுங்கினாள். "கொஞ்சம் கால் மடக்கிக்கொள்ளுங்கள். ஆட்கள் வருகிறார்கள்" என்றாள்.

"யாரிடம் பேசுகிறாய்?" என்றான் துபாஷி. அவன் தூரத்து ஊர்க்காரன்.

"இங்கே இருப்பவர்களிடம்."

"இங்கே யாரும் இல்லையே."

"உன் பின்னால் நிற்பவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. உன்கூட வந்திருப்பாள்போல. இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது."

துபாஷி திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மா" என்று மட்டும் உதடு அசைந்தது.

மண்வெட்டி வைத்திருந்த சிப்பாய்கள் ஒவ்வொருவராக அதைக் கீழே வைத்தார்கள். துரை அதட்டிப் பார்த்தான். கடைசியில் தானே குழி தோண்டி, தானே வெடி வைத்தான்.

தரை அதிர்ந்தது. மரங்கள் சாய்ந்தன. ஒரு பறவைகூடப் பறக்கவில்லை.

புகை அடங்கியதும் கித்சாவோ எட்டிப் பார்த்தான். உடைந்த ஓடுகள் கிடந்தன. பானைக்குள் இருந்தது வெறும் மண்.

துரை சிரித்தான். "உங்கள் சத்தியம் உடைந்தது என்று ஊரில் போய்ச் சொல். நாளைக் காலையில் ஆட்கள் வந்து நிற்கட்டும்."

திரும்பும் வழியில் கித்சாவோவால் பொறுக்க முடியவில்லை. "காட்டிக்கொடுத்துவிட்டீர்களே!"

"அவன் பானையைக் கேட்டான். கொடுத்தேன்" என்றாள் ஜும்வா.

மறுநாள் விடிந்தபோது ஊர் முழுவதும் வாசலில் உட்கார்ந்திருந்தது. எல்லா முகங்களும் காட்டைப் பார்த்திருந்தன. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

துரை வந்தான். கூப்பிட்டான். ஒருவரும் திரும்பவில்லை. ஒருத்தி பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன் பூட்ஸ்மேல் ஊற்றிவிட்டு, அங்கே வெறும் தரை இருப்பதுபோல் உள்ளே போனாள். ஓடிவந்த சின்னப் பெண் ஒருத்தி அவன் காலில் முட்டிக்கொண்டாள். நெற்றியைத் தேய்த்தபடி, எதில் இடித்தோம் என்று சுற்றும் முற்றும் தேடினாள்.

துரை கித்சாவோவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "எழுந்திரு! என்னைப் பார்!"

அந்தக் கை சில்லென்று இருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கித்சாவோ நிமிர்ந்தான். காடு தெரிந்தது. வானம் தெரிந்தது. துரை நின்ற இடத்தில் எதுவுமே தெரியவில்லை.

துபாஷியும் வாய் திறக்கவில்லை. அவனும் காட்டைப் பார்த்து நின்றான்.

துரை கொளுத்தத் தொடங்கினான். கித்சாவோவின் குடிசைதான் முதலில். அவன் மனைவி முடைந்த பாய் உள்ளே இருந்தது. முதுகில் அனல் அடித்தது. பாயையாவது இழுத்துப் போடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் எழவில்லை. ஊரில் யாரும் எழவில்லை.

வெயில் ஏறுவதற்குள் துரை சுமை தூக்க ஒரு ஆள்கூடக் கிடைக்காமல் திரும்பினான். போகும்போது தன் முகத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு போனான்.

சாம்பல் ஆறியதும் ஜும்வா வந்து கித்சாவோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாயே, பானைக்குப் பயந்துதான் ஊர் கட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன்."

"ம்."

"அதற்குள் வெறும் மண்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். ஊருக்கும் தெரியும். அப்புறமும் ஒருவர்கூட எழவில்லையே?"

"ஊர்க்கதையை விடு" என்றாள் ஜும்வா. "உன் வீடு எரிந்ததே, அப்போது உன்னை எழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது யார்?"

கித்சாவோ தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். அங்கே யாருடைய கையும் இல்லை.