ஜோடிக்கு ஆள் தேவை

மலைக்கோயில் ஒன்றின் அடிவாரத்தில் செருப்புக் காப்பகம் இருந்தது. அதன் மூலையில் ஒரு சாக்கு. ஜோடியைத் தொலைத்த செருப்புகளெல்லாம் அதற்குள்தான் கிடந்தன. காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட பேச்சிக்கனி இரக்கக்காரி. செருப்பைப் பறிகொடுத்துவிட்டு யாராவது வெறுங்காலோடு வந்து நின்றால், சாக்கிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்து அனுப்புவாள்.

அந்தச் சாக்கில் ஒரு தோல் செருப்பு. இடதுகாலுக்கானது. நல்ல தோல், நல்ல தையல், கூடவே கொஞ்சம் தலைக்கனம். அதன் ஜோடியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. கூட இருந்த காலத்தில் இரண்டும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. இப்போது வெளியே யாராவது சரக் சரக்கென்று நடந்து போனால் போதும், தோல் செருப்புக்கு அழுகை வந்துவிடும்.

"நாளைக்குச் சாயங்காலம் சாக்கக் காலி பண்ணிரணும். மிச்சம் கெடக்கிறதெல்லாம் குப்பை வண்டிக்குத்தான்" என்று பூக்காரியிடம் பேச்சிக்கனி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

தோல் செருப்பு பதறிப்போய் அறிவிப்புக் கொடுத்தது. ஜோடிக்கு ஆள் தேவை. நேர்காணலுக்கு வரலாம்.

முதலில் சிவப்பு வார் போட்ட ரப்பர் செருப்பு வந்தது.

"முன் அனுபவம்?"

"ஒரு கொத்தனார் கால்ல இருந்தேண்ணே. சாரமெல்லாம் ஏறியிருக்கேன்."

"என்னோடு எப்படி வேலை செய்வாய்?"

"நீங்க முன்னால போறப்ப நான் நிப்பேன். நான் போறப்ப நீங்க நிக்கணும்."

தோல் செருப்புக்குச் சுருக்கென்றது. "நான் நிற்க வேண்டுமா?"

"நின்னாத்தாண்ணே நடக்க முடியும்."

தோல் செருப்பு அதை ஏற இறங்கப் பார்த்தது. தான் ஒரு பக்கம் வளைந்திருந்தால் அது மறுபக்கம் வளைந்திருந்தது. எல்லாமே ஏறுக்குமாறு. "சொல்லி அனுப்புகிறேன்" என்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று வேலை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். ரப்பர் செருப்புக்கும் தெரிந்தது.

அடுத்து வந்ததைப் பார்த்ததும் தோல் செருப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதே பழுப்பு நிறம், அதே தையல், அதே வளைவு. குதிகாலில்கூட அதே இடத்தில் தேய்மானம்.

"என்னோடு எப்படி வேலை செய்வாய்?"

"நீங்க எப்பக் கிளம்புறீங்களோ, அப்பவே நானும் கிளம்பிடுவேண்ணே."

"நான் இடப்பக்கம் திரும்பினால்?"

"வேற பக்கம்னு ஒண்ணு இருக்கா என்ன?"

தோல் செருப்பின் வாரெல்லாம் நெகிழ்ந்துவிட்டது. இத்தனை நாள் தனியாகக் கிடந்ததற்கு, தன்னைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் வந்தாயிற்று! ஊர், தோல், தைத்த கடை என்று எல்லாவற்றையும் ஆசை ஆசையாகக் கேட்டது. எந்தக் கால் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே வேலை உறுதியாகிவிட்டது.

மறுநாள் உச்சிவெயிலில், செருப்பைத் திருட்டுக் கொடுத்த ஒருவர் சுடுகல்லில் குதித்துக் குதித்து வந்தார். அநேகமாகக் காலியாகிவிட்ட சாக்கைப் பேச்சிக்கனி துழாவினாள். ஒரே மாதிரி இரண்டு அகப்பட்டதும் மகிழ்ச்சியாக எடுத்துப் போட்டாள். அவர் மாட்டிக்கொண்டு ஓரடி வைத்தார். தடுமாறிக் கல்தூணைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா இது, ரெண்டும் எடதுகாலு!"

"அய்யய்யோ, கலரப் பாத்து ஏமாந்துட்டேனே. ஒரு செவப்பு வார் வலதுகாலு கெடந்துச்சு. காலையிலதான் நீலவார் ஒண்ணோட சேத்து ஒருத்தரு போட்டுட்டுப் போனாரு."

அவர் வெறுங்காலோடு நிழல் பார்த்து ஓடினார். செருப்புகள் இரண்டும் சாக்குக்குத் திரும்பின. வேறு எதுவும் அதில் இல்லை. சாயங்காலமும் ஆயிற்று. தெருமுனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது.

"தம்பி, எனக்கு வலப்பக்கம் காலியாவே கெடக்கிற மாதிரி இருக்கு. உனக்கும் அப்படி இருக்கா?"

"அதையேதாண்ணே நானும் உங்ககிட்டக் கேக்க இருந்தேன்."