கையை எடுத்துவிடுகிறார்கள்

தணிகாசலம் அந்தப் பள்ளிக்கு வந்து இறங்கிய அன்றைக்கே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"நான் சொல்லிக்கொடுக்க வரலை சிஸ்டர். உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கேன்" என்றார்.

ஓய்வு பெற்றவர்கள் மேடையில் சொல்வார்களே, அதுபோல ஒரு பேச்சுக்குச் சொன்னது. சிஸ்டர் செலின் அதை நம்பிவிட்டார்.

சிஸ்டருக்கு நாற்பது வயது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், ஏரிக்கரை ஊர் ஒன்றில், கம்ப்யூட்டர் பயிற்சிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அரக்கோணத்துக்காரர். இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி மேய்த்தவர். சம்பளம் வேண்டாம், சாப்பாடு போதும் என்று சொல்லி வந்திருந்தார்.

படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் சந்தையில் மீன் விற்றுவிட்டு வருவார்கள். குழந்தையை முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்படியே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். தணிகாசலத்தை 'பம்போ' என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் பெரிய மனிதர்களை அப்படித்தான் கூப்பிடுவது.

அவரும் ஓடி ஓடி உழைத்தார். யாராவது திணறுவது தெரிந்தால் போதும், பின்னால் போய் நிற்பார். குனிந்து மவுஸை வாங்குவார். இரண்டு தட்டு. வேலை முடிந்துவிடும்.

"ஸிகோமோ, பம்போ" என்பார்கள். நன்றி என்று அர்த்தம்.

வந்து சில மாதங்கள் கழித்துத்தான் அவர் ஒன்றைக் கவனித்தார். அவர் பக்கத்தில் போனாலே அவர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள். நன்றாகத் தட்டிக்கொண்டிருப்பவர்கூட, அவர் நிழல் விழுந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.

அவருக்கு இது பிடிபடவில்லை.

காவலாளி யோஹானேயிடம் கேட்டார்.

"அது மரியாதை பம்போ. பெரியவர் வந்தால் வேலையை நிறுத்த வேண்டாமா?"

ஆங்கில வகுப்பு ஆசிரியர் வேறு சொன்னார். "மெஷின் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம்."

பள்ளி வேன் ஓட்டுநர் யோசிக்கவே இல்லை. "உங்கள் மீசைதான்."

தணிகாசலம் ஒரு வாரம் வகுப்பில் சிரித்த முகமாகவே இருந்து பார்த்தார். பிறகு மீசையையும் குறைத்தார். கைகள் மடிக்குப் போவது நிற்கவில்லை.

இதற்கிடையில் மாவட்ட அதிகாரி நிகோமா வந்தார். கம்ப்யூட்டர்கள் அரசாங்கம் இரவல் கொடுத்தவை. கம்ப்யூட்டர் பாடம் நடத்த உள்ளூர் ஆள் இல்லாத இடத்திலிருந்து அவற்றை எடுத்து வேறு ஊருக்குக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அலினாஃபே என்ற பெண் அவர் முன்னால் பாடம் நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி.

அலினாஃபே நன்றாகத்தான் தொடங்கினாள். மதிப்பெண் பட்டியல் போட்டாள். கூட்டிக் காட்டினாள். தாளில் எடுக்கும்போது பிரிண்டர் மக்கர் பண்ணியது. தணிகாசலம் நாற்காலியில் லேசாக அசைந்தார். அவ்வளவுதான். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து, எழுந்து, ஒதுங்கி நின்றுவிட்டாள்.

அவர் போய் இரண்டு தட்டு தட்டினார். தாள் வந்தது. அதை அதிகாரியிடம் நீட்டினார்.

நிகோமா தாளைப் பார்க்கவில்லை. "நீங்கள் எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?" என்றார்.

"இந்த மாதக் கடைசியில்."

"அதற்குப் பிறகு இதை யார் செய்வார்கள்?"

தணிகாசலம் அலினாஃபேயைப் பார்த்தார். அவள் இன்னும் ஒதுங்கியே நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன். லாரியும் கூட வரும். அன்றைக்கும் இப்படித்தான் என்றால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன்" என்றார் நிகோமா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தணிகாசலத்துக்கு அதிகம் உறுத்தியது.

அன்று மாலை சிஸ்டரைப் பிடித்தார்.

"சிஸ்டர், நான் கிட்ட போனா அவங்க ஏன் கைய எடுத்துடறாங்க?"

"நாளைக்குச் சொல்றேன் சார். சமையல்காரம்மா சாவு வீட்டுக்குப் போறாங்க. மத்தியானக் களிய நாமதான் கிண்டணும். அடுப்படிக்கு வந்திருங்க."

"நான் கேட்டது..."

"கேட்டுது சார்."

மறுநாள் பெரிய பானையில் சோளமாவு கொதித்தது. அந்த ஊர்க் களி. அதற்கு நிசிமா என்று பெயர். கிண்ட மரத் துடுப்பு. சிஸ்டர் துடுப்பைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கீரை நறுக்கப் போனார்.

தணிகாசலம் கிண்டினார். களி இறுகியது. தோள் வலித்தது. ஆனாலும் கைக்கு வேலை பிடிபட்டுவிட்டது.

சிஸ்டர் வந்தார். ஒன்றும் சொல்லாமல் துடுப்பை வாங்கினார். பானையில் நாலு சுற்று சுற்றினார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சரி, நாம் கிண்டுவது சரியில்லைபோல என்று நினைத்துக்கொண்டு, சிஸ்டர் கிண்டிய மாதிரியே கிண்டினார். சிஸ்டர் மறுபடி வந்தார். மறுபடி வாங்கினார். சுற்றினார். கொடுத்தார்.

"என்ன சிஸ்டர், தப்பா கிண்டறேனா?"

"இல்லையே. நல்லாத்தான் கிண்டறீங்க."

இன்னும் ஒரு தடவையும் அப்படியே நடந்தது.

அதற்குப் பிறகு சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் தணிகாசலம் துடுப்பைப் பானையில் விட்டுவிட்டு விலகி நின்றார். சிஸ்டர் வந்தார். துடுப்பைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பானையைப் பார்த்தார். அவர் சிஸ்டரைப் பார்த்தார். தீய்ந்த வாசனை வந்தது.

"அடிப்பிடிக்குது சார்."

"நீங்க வாங்கிக்குவீங்கன்னு விட்டேன்."

"ஓ" என்றார் சிஸ்டர். "கீரைக்கு உப்பு போட்டேனா தெரியல" என்று போய்விட்டார்.

அன்றைக்கு எல்லோரும் தீய்ந்த களி தின்றார்கள். "பம்போ சமைத்ததா?" என்று பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். தணிகாசலம் குழம்பிப்போயிருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. சமையலில் அவமானப்பட்டதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை வேறு வந்துவிட்டது.

நிகோமா சொன்னபடி வந்தார். லாரியும் வந்தது. வேப்பமரத்தடியில் அதை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்துகொண்டான்.

அலினாஃபே எழுந்தாள். அவள் முதுகுத் துணியிலிருந்து சிஸ்டர் குழந்தையை அவிழ்த்தார். நேராகத் தணிகாசலத்திடம் வந்தார்.

"பிடிங்க சார்."

"எனக்குக் குழந்தை பிடிக்க வராது சிஸ்டர்."

"ரெண்டு கையாலும் பிடிங்க. வரும்."

குழந்தை முதல் வேலையாக அவர் கண்ணாடியைப் பிடுங்கியது. பிறகு சட்டையை நனைத்தது. அவர் ஒரு கையால் கண்ணாடியை மீட்பதற்குள் வீறிட்டது. மறுபடி இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அலினாஃபே பட்டியல் போட்டாள். கூட்டினாள். தாளில் எடுக்கும் இடம் வந்தது. பிரிண்டர் மறுபடி மக்கர் பண்ணியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். தணிகாசலம் எழுந்தேவிட்டார். என்ன கோளாறு என்று அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. வேறொரு பிரிண்டரின் பெயர் தேர்வாகியிருந்தது.

"சிஸ்டர், இவனைப் பிடிங்க."

"என் கை ஈரமா இருக்கு சார்."

"அலினாஃபே, அந்த..."

"சத்தம் போடாதீங்க சார். கண்ணு சொக்குது அவனுக்கு."

அவர் நின்றது நின்றபடி நின்றார். அலினாஃபே அவர் கைகளைப் பார்த்தாள். கைகளில் அவள் குழந்தை இருந்தது. ஒரு நிமிடம் மவுஸைத் தொடாமல் இருந்தாள். வாசல் வழியாக லாரி தெரிந்தது.

பிறகு பக்கத்திலிருந்த தோகோ என்பவளைக் கூப்பிட்டாள். இருவரும் அவர்கள் மொழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். எதையோ திறந்தார்கள், மூடினார்கள். வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி ஏதோ கத்த, வகுப்பே சிரித்தது. தவறான இடத்தில் தட்டினார்கள். இன்னொரு தவறான இடத்தில் தட்டினார்கள். தணிகாசலத்தின் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

பிரிண்டர் உறுமியது. ஒரு தாள் வந்தது. அதே தாள் இன்னொன்று. பிறகு இன்னொன்று. பதற்றத்தில் தட்டிய தட்டுகளுக்கெல்லாம் சேர்த்துக் கொத்தாக வந்து விழுந்தது.

அலினாஃபே ஒன்றை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள். "மீதியும் வேண்டுமா, பம்போ?"

நிகோமா வாய்விட்டுச் சிரித்தார். தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். வெளியே போய் லாரிக் கதவைத் தட்டி ஓட்டுநரை எழுப்பினார். லாரி வெறுமையாகத் திரும்பிப் போனது.

வகுப்பு சத்தமாக இருந்தது. பெண்கள் தாள்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தணிகாசலம் சுவரோரமாக வந்து சிஸ்டர் பக்கத்தில் நின்றார். குழந்தை அவர் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

"எவ்வளவு தாள் வீண் சிஸ்டர்."

"ஆமா."

"அந்தக் கோளாறு எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்."

"அப்போ இவ்வளவு தூரம் நான் எதுக்கு சிஸ்டர் வந்தேன்?"

தூரத்திலிருந்து அலினாஃபே குழந்தையை வாங்கக் கை நீட்டியபடி வந்தாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் போய்க் குனிந்து திரையைப் பார்த்தாள்.

சிஸ்டர் தணிகாசலத்தின் தோளில் கிடந்த தலையைக் கொஞ்சம் நகர்த்திச் சரியாக வைத்தார்.

"கைய எடுத்துராதீங்க சார்" என்றார். "இப்பதான் தூங்கியிருக்கான்."